ஹரால்ட் எட்கர்டன்

ஹரால்ட் யூஜின் எட்கர்டன் (ஏப்ரல் 6, 1903 – ஜனவரி 4, 1990) ஓர் அமெரிக்க மின்பொறியாளர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் (எம்.ஐ.டி.) பேராசிரியர். மின்னணு ஒளிவீச்சு விளக்கைக் கொண்டு கண்ணுக்கு எட்டாத வேகங்களை ஒளிப்படமாக்கியவர் என்றே பலரும் இவரை அறிவர். பால்துளி சிதறி மகுடமாக எழும் படமும், துப்பாக்கிக் குண்டு ஆப்பிளைத் துளைத்துச் செல்லும் படமும் இவருடையவை. ஆயினும் வாழ்வின் பிற்பாதியில் இவர் பெரிதும் உழைத்தது ஒளியோடு அன்று, ஒலியோடு. கடற்படுகையின் மேலும் அதன் சேற்றுக்குள்ளும் கிடப்பவற்றைச் சிறு படகொன்றிலிருந்தே அறிய உதவும் சோனார் கருவிகளின் வளர்ச்சியில் இவருக்கு முதன்மையான பங்கு உண்டு. இக்கட்டுரை அந்தப் பிற்பாதியைச் சற்று விரிவாகக் கூறுகிறது.

இளமையும் கல்வியும்

எட்கர்டன் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிரெமாண்ட் என்னும் ஊரில் பிறந்தார். வளர்ந்தது அதே மாநிலத்தின் அரோரா என்னும் சிற்றூரில். கடலிலிருந்து எத்திசையில் அளந்தாலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் சமவெளி அது. பிற்காலத்தில் கடலடியை ஆராய்ந்த ஒருவருக்கு இது வியப்பான பிறப்பிடமே. ஒளிப்படக் கலைஞரான சிற்றப்பா ஒருவரிடம் படம் எடுக்கவும் கழுவவும் சிறுவயதிலேயே கற்றார். பள்ளி விடுமுறைகளில் ஊரின் மின்நிலையத்தில் வேலை செய்தார். ஒளிப்படம், மின்சாரம் என்னும் இவ்விரு ஈடுபாடுகளும் இவரைக் கடைசிவரை விடவில்லை.

1925ஆம் ஆண்டு நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பட்டம் பெற்றார். அதன் பின் ஸ்கெனெக்டடி நகரில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஓராண்டு பணியாற்றிவிட்டு எம்.ஐ.டி.யில் சேர்ந்தார். 1927இல் முதுநிலைப் பட்டமும் 1931இல் முனைவர் பட்டமும் பெற்றார். 1928இல் எஸ்தர் கேரட் என்பவரை மணந்தார். இவர்களுக்கு மூன்று குழந்தைகள்.

ஒளியின் துடிப்பு

எட்கர்டனின் ஆய்வுப் பொருள் ஒத்தியங்கு மின்னோடிகள். சுமை திடீரென மாறும்போது மின்னோடியின் சுழலும் பகுதி எவ்வாறு தடுமாறுகிறது என்பதை அவர் அறிய விரும்பினார். ஆனால் அது சுழலும் வேகத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அருகில் இருந்த பாதரசக் குழல் ஒன்று சுழற்சியோடு ஒத்து மின்னியபோது, சுழலும் பகுதி அசையாமல் நிற்பதுபோல் தோன்றியதைக் கண்டார். இதிலிருந்து பிறந்ததே அவரது மின்னணு ஸ்ட்ரோபோஸ்கோப். சுழலும் பொருளுக்குச் சீரான இடைவெளியில் மிகக் குறுகிய ஒளித்துடிப்புகளைக் கொடுத்தால், ஒவ்வொரு துடிப்பிலும் பொருள் அதே நிலையில் இருக்கும். கண் அதனை நிற்பதாகக் கொள்ளும்.

இக்கருவியின் உள்ளமைப்பை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மின்தேக்கி ஒன்றில் மின்னாற்றலை மெல்லச் சேர்த்து, வாயு நிரம்பிய குழல் வழியே ஒரே கணத்தில் வெளியேற்றுவதுதான் அதன் அடிப்படை. முப்பது ஆண்டுகள் கழித்து எட்கர்டன் செய்த ஒலிக்கருவிகளிலும் இதே உத்திதான் மீண்டும் வருகிறது. குழலின் இடத்தில் வேறொன்று வைக்கப்பட்டது, அவ்வளவே.

தம் மாணவர்களான கென்னத் ஜெர்ம்சாசன், ஹெர்பர்ட் கிரியர் ஆகியோருடன் சேர்ந்து இவ்விளக்கை ஆலைகளுக்கும் ஒளிப்படக் கலைக்கும் கொண்டுசென்றார். இவருடைய ஆய்வகப் பணியைக் காட்டும் குறும்படம் ஒன்று 1940ஆம் ஆண்டுக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது.

போர்க்காலமும் நிறுவனமும்

இரண்டாம் உலகப் போரில் இரவில் வானூர்தியிலிருந்து தரையைப் படமெடுக்கும் ஆற்றல் மிக்க ஒளிவீச்சு விளக்கை எட்கர்டன் வடிவமைத்தார். 1944 ஜூன் மாதம் நார்மண்டித் தரையிறக்கத்திற்கு முந்தைய இரவில் எதிரிப்படைகளின் நடமாட்டத்தை அறிய இது பயன்பட்டது. 1947இல் மூன்று நண்பர்களும் தங்கள் பெயர்களின் முதலெழுத்துகளைக் கொண்டு ஈ.ஜி.&ஜி. நிறுவனத்தைப் பதிவு செய்தனர். அமெரிக்க அணுகுண்டுச் சோதனைகளுக்கான நேரக்கட்டுப்பாட்டு, வெடிப்புத் தூண்டல் கருவிகளை இந்நிறுவனம் வழங்கியது. வெடிப்பின் முதற்கணங்களைப் படமெடுத்த ராபட்ரானிக் கேமராவும் இங்குதான் உருவாயிற்று. கடலாய்வுக் கருவிகளைச் செய்ய வேண்டிய பொறியாளர்களும் பட்டறையும் பணமும் இவ்வாறு வந்த பின்னணியிலேயே திரண்டன என்பதையும் குறிப்பிட வேண்டும்.

கலிப்சோ கப்பலில்

பிரெஞ்சுக் கடலாய்வாளர் ழாக் கூஸ்தோ ஆழ்கடலில் படமெடுக்க ஒளிவீச்சு விளக்கும் கேமராவும் தேடி எட்கர்டனை அணுகினார். 1953ஆம் ஆண்டு எட்கர்டன் முதன்முறையாகக் கூஸ்தோவின் கலிப்சோ கப்பலில் மத்தியதரைக் கடலில் பயணம் செய்தார். நேஷனல் ஜியோகிராபிக் கழகம் இதற்கு ஆதரவளித்தது. அதன்பின் பல ஆண்டுகள் கோடைதோறும் இத்தகைய பயணங்கள் தொடர்ந்தன. கப்பலில் இருந்தவர்கள் அவருக்கு 'பாப்பா ஃப்ளாஷ்' என்று செல்லப்பெயர் சூட்டினர். 1956இல் கலிப்சோ அத்திலாந்திக்கின் நிலநடுக்கோட்டை ஒட்டிய ரோமான்ஷ் அகழியில் ஏறத்தாழ 7,500 மீட்டர் ஆழத்திற்கு நைலான் கயிற்றால் நங்கூரம் இட்டது; அந்த ஆழத்தின் தரையை எட்கர்டனின் கேமரா படமெடுத்தது.

இப்பணியில் எளிதாகத் தோன்றும் ஒரு சிக்கல் அவரைத் தொடர்ந்து வருத்தியது. கேமராவைக் கயிற்றில் கட்டி ஆயிரக்கணக்கான மீட்டர் இறக்கும்போது, அது தரைக்கு மேல் எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்பதை அறிய வழியில்லை. கயிறு நீரோட்டத்தில் வளையும்; கப்பல் அலையில் ஏறி இறங்கும். சில மீட்டர் உயர்ந்தாலும் படத்தில் வெறும் நீர் மட்டுமே இருக்கும். தாழ்ந்தாலோ கேமரா சேற்றில் புதையும்.

கேமராவிலிருந்து சோனாருக்கு

எட்கர்டன் கண்ட தீர்வு ஒலி. கேமராவோடு சிறு ஒலிப்பான் ஒன்றைக் கட்டினார். பொறியாளர்கள் இதனைப் பிங்கர் என்பர். அது நொடிக்கொரு முறை 12 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் குறுகிய ஒலித்துடிப்பை எழுப்பும். அத்துடிப்பு கப்பலுக்கு இருமுறை வந்து சேரும்: முதலில் நேராக மேலே, பிறகு தரையில் பட்டுத் திரும்பி. நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். ஆகவே இரண்டுக்கும் இடையே நொடியில் நூறில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தால், ஒலி கூடுதலாகச் சென்ற தொலைவு 15 மீட்டர். கேமராவின் உயரம் அதில் பாதி, அதாவது ஏழரை மீட்டர். கயிற்றின் நீளம், வளைவு எதையும் அறிய வேண்டியதில்லை.

பிங்கரின் பதிவுத்தாளைப் பார்த்தபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. சேறான தரையில் எதிரொலி ஒற்றைக் கோடாக நிற்காமல், அதன் கீழே மங்கலான வேறு கோடுகளும் வந்தன. ஒலியில் ஒரு பகுதி தரையைத் துளைத்து உள்ளே சென்று, அடியிலிருந்த கெட்டியான அடுக்குகளில் பட்டுத் திரும்பியிருந்தது. கேமராவின் உயரத்தை அளக்கச் செய்த கருவி கேமரா ஒருபோதும் காணமுடியாத இடத்தைக் காட்டியது. எட்கர்டன் அதிர்வெண்ணைக் குறைத்து 5 கிலோஹெர்ட்ஸ் கருவியைச் செய்தபோது ஒலி மேலும் ஆழமாக ஊடுருவியது.

இன்னும் கெட்டியான தரைகளுக்காக அவர் வடிவமைத்தது பூமர். தட்டையான செப்புச் சுருள் ஒன்றின் மேல் அலுமினியத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். மின்தேக்கியில் சேர்த்த ஆற்றலைச் சுருள் வழியே ஒரே கணத்தில் வெளியேற்றினால், தகட்டில் தூண்டப்படும் சுழல் மின்னோட்டம் சுருளை எதிர்க்கும். தகடு விசையோடு எறியப்பட்டு நீரை அறையும். வாயுக்குழல் இருந்த இடத்தில் செப்புச் சுருளை வைத்ததும் ஸ்ட்ரோப் விளக்கு ஒலிக்கருவியாயிற்று எனலாம். பூமரின் ஒலி ஒரே அதிர்வெண் கொண்டதன்று. சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை பரந்தது. தகுந்த படிவுகளில் அது பல பத்து மீட்டர் ஆழம்வரை அடுக்குகளைக் காட்டும்.

எந்தத் தரைக்கு எந்தக் கருவி

சோனார் என்றதும் ஆற்றல் மிகுந்த கருவியே சிறந்தது என்று எண்ணத் தோன்றும். எட்கர்டனின் பணி இக்கருத்துக்கு நேர்மாறானது. ஒரே படகில் ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளை ஏற்றிச் செல்வதும், தேடும் பொருள் தரையின் மேல் கிடக்கிறதா, அடியில் புதைந்துள்ளதா என்பதைக் கொண்டு கருவியைத் தேர்வதும் அவரது வழக்கம். 1986இல் அவர் வெளியிட்ட சோனார் படங்கள் பற்றிய நூலும் இத்தகைய பதிவுகளின் தொகுப்பே. அத்தேர்வின் பின்னுள்ள இயற்பியலைச் சுருக்கமாகக் காண்போம்.

முதலாவது அதிர்வெண். ஒலியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 5 கிலோஹெர்ட்ஸில் அது 30 சென்டிமீட்டர். 12 கிலோஹெர்ட்ஸில் 12.5 சென்டிமீட்டர், 100 கிலோஹெர்ட்ஸில் ஒன்றரை சென்டிமீட்டர். அலைநீளம் குறையக் குறைய நுண்ணிய பொருள்களையும் பிரித்தறியலாம். ஆனால் அதிர்வெண் உயர உயரக் கடல்நீர் ஒலியை அதிகமாக உறிஞ்சும். 12 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஆழ்கடலின் தரைவரை சென்று திரும்பும். 100 கிலோஹெர்ட்ஸ் ஒலி சில நூறு மீட்டருடன் ஓய்ந்துவிடும். சேற்றுக்குள் இந்த வேறுபாடு இன்னும் கடுமையானது. 100 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்குத் தரை ஏறத்தாழ ஒரு சுவர். 5 கிலோஹெர்ட்ஸுக்கு அது ஒரு திரை. ஆகையால் நுணுக்கத்தையும் ஊடுருவலையும் ஒரே கருவியில் முழுமையாகப் பெறமுடியாது. ஒன்றை விட்டுக்கொடுத்தே மற்றொன்றைப் பெறவேண்டும்.

இரண்டாவது துடிப்பின் நீளம். ஆயிரத்தில் ஒரு நொடி நீளமுள்ள துடிப்பு நீரில் ஒன்றரை மீட்டர் நீண்டிருக்கும். அத்துடிப்பால் 75 சென்டிமீட்டருக்குக் குறைவான இடைவெளியில் உள்ள இரு அடுக்குகளைப் பிரித்துக்காட்ட இயலாது. துடிப்பைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் பிரிதிறன் ஏழரை சென்டிமீட்டர் ஆகும். ஒளியைக் குறுகிய துடிப்புகளாக வெட்டுவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவருக்கு ஒலியிலும் குறுகிய துடிப்பே கைவந்தது.

மூன்றாவது தரையின் தன்மை. இதனைக் கருவியின் விவரத்தாளில் காண இயலாது. மென்சேறு ஒலியை உள்ளே விடும். இறுகிய மணலும் சரளையும் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். அங்கே பிங்கரை விடப் பூமரே பயன்தரும். அழுகிய பொருள்களால் வாயுக்குமிழிகள் நிறைந்த சேற்றிலோ எந்தக் கருவியும் பெரும்பாலும் தோற்கும். பதிவுத்தாளில் கறை படிந்ததுபோல் ஒரு கருமை மட்டும் தெரியும். துறைமுகங்களிலும் கழிமுகங்களிலும் இது வழக்கமாகக் காணப்படுவது. நீரில் மின்பொறியைத் தாவவிட்டு ஒலியெழுப்பும் ஸ்பார்க்கர் என்னும் மற்றொரு கருவி உப்புநீரில் நன்கு இயங்கும். நன்னீர் ஏரியில் தடுமாறும். பூமருக்கு அந்தத் தடை இல்லை.

சிறு படகுக்கென்று தனிச் சிக்கல்களும் உண்டு. அதன் மின்னாக்கி சிறியது. உந்துவிசிறி எழுப்பும் குமிழிகள் ஒலியை மறைக்கும். படகின் அடியில் கட்டிய கருவி படகோடு சேர்ந்து ஆடும். ஆட்டம் அனைத்தும் தரையின் மேடுபள்ளம் போலப் பதிவாகும். மறுபுறம், பெரிய ஆய்வுக்கப்பல் நுழைய முடியாத ஆழமற்ற நீரில் சிறு படகு செல்லும், மெதுவாகவும் செல்லும். பழைய துறைமுகங்களும் மூழ்கிய கப்பல்களும் பெரும்பாலும் அத்தகைய நீரிலேயே உள்ளன. எட்கர்டனின் கருவிகள் இருவர் தூக்கி ஏற்றக்கூடிய அளவில் இருந்ததால்தான் தொல்லியலாளர்களுக்கு அவை எட்டின. பாஸ்டன் துறைமுகமும் எம்.ஐ.டி.யின் எதிரே ஓடும் சார்லஸ் ஆறும் அவற்றின் சோதனைக்களங்கள்.

இருப்பிடத்தை அறிவதும் இவற்றுக்கு நிகரான சிக்கலே. செயற்கைக்கோள் வழிகாட்டி இல்லாத அக்காலத்தில் கரையிலுள்ள குறிகளுக்கு இடைப்பட்ட கோணங்களை அளந்தும் மிதவைகளை இட்டுமே படகின் இடத்தைக் குறித்தனர். அருமையான எதிரொலி ஒன்று பதிவாகியும், அது எங்கே கிடைத்தது எனத் தெரியாவிட்டால் பயனில்லை.

பக்க வருடல் சோனார்

கீழ்நோக்கிய சோனார் படகு செல்லும் கோட்டின் அடியில் உள்ளதை மட்டுமே காட்டும். பரந்த கடலில் ஒரு கப்பலைத் தேட இது போதாது. 1963இல் எட்கர்டனும் உடன் இருவரும், கூம்பு வடிவில் ஒலி பரப்பும் 12 கிலோஹெர்ட்ஸ் கருவியைப் பக்கவாட்டில் நோக்கவைத்து, மாசசூசெட்ஸின் பசர்ட்ஸ் விரிகுடாவில் வைன்யார்ட் கலங்கரைக் கப்பலின் சிதைவைக் கண்டறிந்தனர். 1944 செப்டம்பர் சூறாவளியில் பன்னிரு மாலுமிகளோடு மூழ்கிய கப்பல் அது.

பக்க வருடல் சோனாரை எட்கர்டனே கண்டுபிடித்தார் எனப் பல இடங்களில் எழுதப்படுவதைக் காணலாம். இது முழுமையான உண்மையன்று. அமெரிக்கக் கடற்படையின் கண்ணிவெடித் தடுப்பு ஆய்வகத்தில் ஜெர்மானிய அறிவியலாளர் ஜூலியஸ் ஹாகெமன் 1950களிலேயே இதனை வடிவமைத்திருந்தார். அவரது காப்புரிமை விண்ணப்பம் 1958இல் அளிக்கப்பட்டு, இரகசியம் கருதி 1980 வரை வெளியிடப்படவில்லை; அவரோ 1964இல் இறந்துவிட்டார். இருபுறமும் ஒரே நேரத்தில் வருடும், படகின் பின்னே இழுத்துச் செல்லத்தக்க, விலைக்கு வாங்கக்கூடிய முதல் கருவியை ஈ.ஜி.&ஜி. நிறுவனத்தில் மார்ட்டின் கிளைன் தலைமையிலான குழு 1963க்கும் 1967க்கும் இடையே உருவாக்கியது. கிளைன் எட்கர்டனின் மாணவர். 1968இல் தனி நிறுவனம் தொடங்கினார். வணிகமுறைப் பக்க வருடல் சோனாரின் தந்தை என்னும் பெயர் கிளைனுக்கே உரியது. எட்கர்டனின் பங்கு முன்னோடிச் சோதனைகளிலும், அக்கருவியைத் தொல்லியலாளரின் கையில் கொண்டுசேர்த்ததிலும் உள்ளது.

இக்கருவியின் ஒலிப்பான்கள் குண்டு வடிவக் கூடொன்றில் இருக்கும். அதற்கு மீன் என்றே பெயர். படகின் ஆட்டம் எட்டாதவாறு நீண்ட வடத்தில் கட்டித் தரைக்குச் சில மீட்டர் மேலே இழுத்துச் செல்வர். ஒலிக்கற்றை செல்லும் திசையில் ஒரு பாகை அளவே அகன்றும், குறுக்குத்திசையில் விரிந்தும் இருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் தரையின் ஒரு மெல்லிய கீற்று தாளில் பதியும். கீற்றுகள் அடுத்தடுத்துச் சேர்ந்து படமாகும். நூறு மீட்டர் தொலைவுவரை வருடினால் ஒலி சென்று திரும்ப 0.13 நொடி, நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் படகு சென்றால் கீற்றுகளின் இடைவெளி 27 சென்டிமீட்டர். நானூறு மீட்டர் வருட விரும்பினால் அந்த இடைவெளி ஒரு மீட்டருக்கு மேல் ஆகிவிடும். பீப்பாய் அளவுள்ள பொருள் ஒரே புள்ளியாகக் குறுகும். விரைவாகத் தேடுவதற்கும் தெளிவாகக் காண்பதற்கும் இடையே படகோட்டி எப்போதும் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

படத்தில் மிகுதியான செய்தி தருவது எதிரொலியைவிட அதன் நிழலே. தரையிலிருந்து எழுந்து நிற்கும் பொருள் தன் பின்னே ஒலி படாத பகுதியை விடும். மீன் தரைக்குப் பத்து மீட்டர் மேலே சென்று, நாற்பது மீட்டர் தள்ளியுள்ள பொருளின் நிழல் பத்து மீட்டர் நீண்டால், வடிவொத்த முக்கோணங்களின் விதிப்படி அப்பொருளின் உயரம் இரண்டு மீட்டர். மாலை வெயிலில் மரத்தின் நிழலைக்கொண்டு உயரம் அளப்பது போன்றதே இது. மீனை மிக உயரத்தில் இழுத்தால் நிழல் குறுகி, உச்சிவெயிலில் போலப் பொருளே தரையோடு கலந்துவிடும்.

மேரி ரோஸ்

கருவித் தேர்வின் பொருளை மற்றெதையும் விடத் தெளிவாகக் காட்டுவது மேரி ரோஸ் கப்பலின் தேடல். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் இப்போர்க்கப்பல் 1545 ஜூலை 19 அன்று போர்ட்ஸ்மத் அருகே சோலண்ட் நீரிணையில் மூழ்கியது. 1836இல் டீன் சகோதரர்கள் அதன் மரங்களையும் பீரங்கிகளையும் கண்டனர்; பின்னர் அவ்விடம் மறக்கப்பட்டது. 1965இல் அலெக்சாண்டர் மெக்கீ என்னும் எழுத்தாளர் தன்னார்வ முக்குளிப்பாளர்களோடு மீண்டும் தேடத் தொடங்கினார். பழைய கடல்வரைபடம் ஒன்று இடத்தை ஓரளவு காட்டிக்கொடுத்தது. ஆனால் நீரோ கலங்கியது. கைக்கெட்டும் தொலைவுக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. தரையில் கப்பல் இருந்ததற்கான தடயமும் இல்லை. நானூறு ஆண்டுகளில் சோலண்டின் சேறு அதனை மூடிவிட்டிருந்தது.

மெக்கீயிடம் பணம் இல்லை. பெரிய நிறுவனத்தின் துணையும் இல்லை. இத்தகைய ஒருவருக்கு எட்கர்டனும் ஈ.ஜி.&ஜி. பொறியாளர்களும் 1967இல் கருவிகளோடு உதவ வந்தது அந்தத் தேடலின் திருப்பமாயிற்று. பக்க வருடல் சோனார் மட்டும் இருந்திருந்தால் தரைப்பரப்பின் சிறு மாறுபாட்டோடு தேடல் நின்றிருக்கும். சேற்றை ஊடுருவும் கருவியும் அவ்விடத்தின் மேல் சென்றபோது, கிடையான படிவுக் கோடுகளை முறித்துக்கொண்டு இயல்புக்கு மாறான வடிவமொன்று அடியில் தெரிந்தது. அது கப்பல்தான் என்று கருவி சொல்லவில்லை. இங்கே தோண்டலாம் என்று மட்டுமே சொன்னது. எனினும் வார இறுதிகளில் மட்டும் நீரில் இறங்க இயன்ற ஒரு சிறு குழுவுக்கு அதுவே பெரிது. 1970இல் இரும்புப் பீரங்கி ஒன்று கிடைத்தது. 1971 மே மாதத்தில் கப்பலின் மரச்சட்டங்கள் வெளிப்பட்டன. 1982 அக்டோபர் 11 அன்று மேரி ரோஸின் எஞ்சிய உடற்பகுதி நீருக்கு மேலே தூக்கப்பட்டது. இன்று அது போர்ட்ஸ்மத் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அதே 1967ஆம் ஆண்டில் துருக்கிக் கடற்கரையில் தொல்லியலாளர் ஜார்ஜ் பாஸ், கிளைனின் பக்க வருடல் சோனாரைக் கொண்டு ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையான கப்பலொன்றைக் கண்டறிந்தார். அங்கே அக்கப்பலின் சரக்கு தரையின் மேல் குவிந்து கிடந்தது. ஆகவே பக்க வருடலே போதுமானதாயிற்று.

மானிட்டரும் பிரித்தானிக்கும்

அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரும்புக்கவசக் கப்பலான மானிட்டர் 1862 டிசம்பர் 31 அன்று ஹட்டராஸ் முனைக்கு அப்பால் புயலில் மூழ்கியது. 1973 ஆகஸ்டில் டியூக் பல்கலைக்கழகத்தின் ஈஸ்ட்வர்ட் ஆய்வுக்கப்பலில் ஜான் நியூட்டன் தலைமையில் சென்ற குழுவில் எட்கர்டனும் இருந்தார். அப்போது அவருக்கு வயது எழுபது. பக்க வருடல் சோனாரில் அகப்பட்ட சிதைவுகளில் ஒன்று ஏறத்தாழ 70 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. அது மானிட்டர்தானா என்பதில் குழப்பம் நேர்ந்தது. கப்பல் தலைகீழாகக் கவிழ்ந்து, அதன் பெயர்பெற்ற சுழல் பீரங்கிக்கூண்டு உடலுக்கு அடியில் அகப்பட்டிருந்தது. 1974 ஏப்ரலில் எடுக்கப்பட்ட விரிவான ஒளிப்படங்களே ஐயத்தைத் தீர்த்தன. 1975 ஜனவரி 30 அன்று அவ்விடம் அமெரிக்காவின் முதல் தேசியக் கடற்சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

1975இல் கூஸ்தோ, டைட்டானிக்கின் உடன்பிறப்பான பிரித்தானிக்கைக் கிரேக்கத்தின் கேயா தீவருகே எட்கர்டனின் சோனார் துணையோடு கண்டுபிடித்தார். கடல்வரைபடம் குறித்த இடத்திலிருந்து அது சில மைல் தள்ளிக் கிடந்தது.

எல்லா முயற்சிகளும் இவ்வாறு அமையவில்லை. ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் விந்தை விலங்கைத் தேடிய ராபர்ட் ரைன்சுக்கும் எட்கர்டன் தம் நீரடிக் கேமராவையும் ஒளிவீச்சு விளக்கையும் அளித்தார். 1972இல் அங்கு எடுக்கப்பட்டுத் துடுப்பு போன்ற உறுப்பைக் காட்டுவதாகச் சொல்லப்பட்ட படங்கள், பின்னர் திருத்தி மெருகூட்டப்பட்டவை என்று விமர்சிக்கப்பட்டன. ஏரியில் விலங்கு உண்டு என்பதற்கு அவை சான்றாகக் கொள்ளப்படவில்லை.

ஆசிரியரும் விருதுகளும்

எம்.ஐ.டி.யில் இவரை எவரும் பேராசிரியர் என்றழைத்ததாகத் தெரியவில்லை. அனைவருக்கும் அவர் டாக் எட்கர்டன். ஆய்வகத்திற்கு வருவோருக்குத் தம் படங்கள் அச்சிட்ட அஞ்சலட்டைகளை வழங்குவார். 1966இல் எம்.ஐ.டி.யின் மிக உயர்ந்த கல்விப் பதவியான இன்ஸ்டிட்யூட் பேராசிரியர் பதவி இவருக்கு அளிக்கப்பட்டது. 1973இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் பதக்கமும் 1988இல் தேசியத் தொழில்நுட்பப் பதக்கமும் பெற்றார். இவரது ஆய்வகக் குறிப்பேடுகளை எம்.ஐ.டி. எண்மமாக்கி இணையத்தில் வைத்துள்ளது. தோல்வியடைந்த சோதனைகளும் அவற்றில் அதே பொறுமையோடு எழுதப்பட்டிருப்பதை மாணவர்கள் காணவேண்டும். அரோராவில் இவர் பெயரால் அறிவியல் மையம் ஒன்று உள்ளது.

ஹெலிகேயும் இறுதிக் காலமும்

கி.மு. 373இல் நிலநடுக்கத்தாலும் பேரலையாலும் ஓர் இரவில் அழிந்த ஹெலிகே என்னும் கிரேக்க நகரம், கொரிந்து வளைகுடாவின் அடியில் இருப்பதாக நெடுங்காலம் நம்பப்பட்டது. பண்டைய நூல்கள் அது நீரில் மூழ்கியதாகவே கூறின. சோனாரால் விடைகாணத்தக்க கேள்வியாக இது எட்கர்டனுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. 1988ஆம் ஆண்டு, எண்பத்தைந்து வயதில், அவ்வளைகுடாவில் நடந்த சோனார் தேடலில் அவர் பங்குகொண்டார். தரையின் மேலும் அடியிலும் வருடியும் நகரம் எதுவும் தென்படவில்லை.

1990 ஜனவரி 4 அன்று எம்.ஐ.டி.யின் ஆசிரியர் மன்றத்தில் மதிய உணவின்போது மாரடைப்பால் எட்கர்டன் காலமானார். கேம்பிரிட்ஜின் மவுண்ட் ஆபர்ன் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

கடலில் ஒன்றும் கிடைக்காததால் ஹெலிகே ஆய்வுக்குழுவினர் கரையின் பக்கம் திரும்பினர். பண்டைய நூல்கள் குறித்த நீர் கடலாக இல்லாமல், பிற்காலத்தில் ஆற்று வண்டலால் தூர்ந்துபோன காயலாக இருக்கலாம் என்று கருதினர். 2001இல், கரையிலிருந்து உள்ளே தள்ளி, ரிசோமிலோஸ் ஊரருகே தோட்டங்களுக்கு அடியில் நகரின் சுவர்கள் வெளிப்பட்டன.